மூன்று மணி முழிப்பு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள வசந்தி,

நேற்று போனில், "எதுலயும் பிடிப்பு இல்லடி" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

எனக்கு ஒரு வருஷமாக விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு. கழுத்தடியில் அனல் கிளம்பி முகத்துக்கு ஏறும், நைட்டி நனைந்துவிடும். அப்புறம் தூக்கம் ஏது? எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். பகலில் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுவேன்.

போன மழைக்கு முன்னால் காசிமேட்டில் சங்கரா வாங்கினேன். செதில் சரியாகப் போகவில்லை என்று மீன் வெட்டுகிற அக்காவிடம் கத்தினேன். அவர் பதில் பேசாமல் மீனை வாங்கி மறுபடி சீவ ஆரம்பித்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கூடையோடு நின்று அழுதேன், வசந்தி. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "நின்னு போற நேரமா உனுக்கு? எனுக்கும் இப்டிதான் இருந்துச்சு" என்றார். அதற்கு முந்தின வாரம் நான் பார்த்த டாக்டரோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வயசானா அப்படித்தான், கோயிலுக்குப் போங்க" என்றிருந்தார்!

வேறொரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். முதலில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னார், அவற்றாலும் இப்படிச் சோர்வு வருமாம். தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் அது நின்றுபோனதாக, மெனோபாஸ் என்று, கணக்காம். ஆனால் அதற்குச் சில வருஷம் முன்பே ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் ஏறி இறங்கி ஆட்டம் போடும், தூக்கத்தையும் மனசையும் சேர்த்து ஆட்டும் என்றார். பிரசவத்துக்குப் பிறகு மனசு சோர்ந்திருந்தவர்களுக்கு இப்போதும் அப்படி வர வாய்ப்பு அதிகமாம். ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பெரியவள் பிறந்து வீட்டுக்கு வந்ததும், குழந்தையைத் தொடாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தேனே, நீதானே தினமும் கஞ்சி கொண்டுவந்தாய்? அதைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

ஹார்மோன் மாத்திரை எல்லாருக்கும் ஒத்துவராதாம். மார்பகப் புற்று வந்ததா, ரத்தம் கட்டியதா என்றெல்லாம் விசாரித்தார். எனக்கு இப்போதைக்கு மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, வாரம் ஒருநாள் கவுன்சிலிங். மாமியாரிடம் தைராய்டு மாத்திரை என்று சொல்லிவைத்திருக்கிறேன், காட்டிக்கொடுத்துவிடாதே. இரண்டு மாதத்தில், ஐந்து மணிவரை தூங்குகிற நாட்கள் வர ஆரம்பித்திருக்கின்றன.

உனக்கு மாதவிலக்கு எப்போதிலிருந்து முன்னே பின்னே ஆகிறது? அங்கே டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் பண்ணு. டெலி மானஸ் என்று பேர், மனசு சரியில்லாதவர்கள் போனில் பேச 2022-இல் மத்திய அரசு ஆரம்பித்தது. காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நீயாகப் பண்ண மாட்டாய் என்று தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பண்ண வைக்கிறேன், பொங்கலுக்கு வா.

சங்கரா வாங்கி வைக்கிறேன். செதில் மட்டும் நீ எடு.

உன்,
மல்லிகா