டேண்டம் டயர் விஷயமாக எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில வாரமாக சைக்கிள் ஓட்டுபவர்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றி வருகிறது. வெளியே வாங்கிய டயரை எங்கள் கடையில் மாட்டித் தருவதில்லை, கடையில் இருக்கும் விலை கூடிய டயரைத் தலையில் கட்டிவிடுகிறோம் என்கிறது அந்தப் பதிவு. உங்களில் பலர் அதை எங்களுக்கே அனுப்பி என்ன நடந்தது என்று கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி.

மாட்டித் தர மறுத்தது உண்மை. வந்தது டேண்டம், அதாவது முன்னும் பின்னுமாக இருவர் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள். கொண்டுவந்தது 25 மிமீ அகல டயர். புது டயர்தான், நல்ல டயர்தான். ஒருவர் ஓட்டும் ரோடு சைக்கிளாக இருந்திருந்தால் அப்போதே மாட்டியிருப்போம்.

கணக்கைப் பாருங்கள். 70 கிலோ ஆள் 12 கிலோ சைக்கிளில் தனியாகப் போனால் பின் சக்கரத்தின் மேல் விழுவது ஏறக்குறைய 45 முதல் 50 கிலோ, முன் சக்கரத்தில் அதைவிடக் குறைவு. டேண்டத்தில் 70 கிலோவும் 60 கிலோவுமாக இருவர், வண்டி 20, தண்ணீர், பை எல்லாம் 5 என்று வைத்தால் மொத்தம் 155 கிலோ. இது இரண்டு சக்கரத்துக்கும் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிகிறது. ஆக ஒரு சக்கரத்துக்கு 77 கிலோ. தனி சைக்கிளின் பின் டயர் சுமப்பதைவிட டேண்டத்தின் முன் டயர் அதிகம் சுமக்கிறது. 25 மிமீ டயர் இந்த எடையைத் தாங்கி நிற்க 140 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் காற்று கேட்கும். அந்த டயரின் பக்கவாட்டிலேயே அதிகபட்சம் 120 என்று அச்சிட்டிருந்தது. 120 அடித்தால் டயர் அமுங்கி ரிம்மில் இடிக்கும், அதற்கு மேல் அடித்தால் டயர் கழன்று வரலாம். இரண்டில் எதையும் நம்பி இருவரைச் சாலைக்கு அனுப்ப முடியாது.

பின்னால் மிதிப்பவரையும் நினைக்க வேண்டும். தனியாக ஓட்டுபவர் பள்ளத்தைக் கண்டதும் சீட்டிலிருந்து லேசாக எழுந்து கொள்வார், அடி குறையும். பின் சீட்டில் இருப்பவருக்குப் பள்ளம் தெரியாது. உங்களில் சிலர் பார்வையில்லாத நண்பர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வருகிறீர்கள். அவர் முழு எடையோடு உட்கார்ந்திருக்கும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கும். டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துக்கொன்றாக இரண்டு கீறல் விழும். அப்படிப்பட்ட பஞ்சரை ஒட்டி மட்டும் அனுப்பினால் அடுத்த பள்ளத்தில் திரும்பவும் அதேதான். காற்றைக் கூட்ட வேண்டும், அல்லது டயரை அகலமாக்க வேண்டும்.

மேலே சொன்ன 155 கிலோவுக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு இது. 32 மிமீ டயருக்கு 95 முதல் 100 பிஎஸ்ஐ, 35க்கு 80 முதல் 85, 40க்கு 65 முதல் 70, 50க்கு 45 சுமார். நம் சாலைகளுக்கு 35க்குக் கீழே இறங்க வேண்டாம், 40 இன்னும் நல்லது. டயரில் ஒரு அதிகபட்சமும் ரிம்மில் ஒரு அதிகபட்சமும் இருந்தால் குறைந்ததுதான் கணக்கு. டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத புது வகை ரிம் என்றால் 72 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது, டயரிலும் அந்த ரிம்முக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். அந்த ரிம்முக்கு 40 மிமீயிலிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

காற்று சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியைச் சுவரோரம் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து ரிம் விளிம்பு வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். இருவரும் ஏறி உட்கார்ந்தபின் மூன்றாம் ஆள் மறுபடி அளக்கட்டும். டயர் அகலத்தில் 15 சதவீதம் இறங்கினால் சரி. 40 மிமீ டயருக்கு அது 6 மிமீ. 10 மிமீ இறங்கினால் காற்று போதாது. வெயிலில் நிறுத்துவதையும் கணக்கில் வையுங்கள். 30 டிகிரியில் 80 அடித்த டயர் 60 டிகிரிக்குச் சூடானால் 89 ஆகிவிடும்.

வெளியே டயர் வாங்கப் போகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். ஆனால் அங்குலத்தை நம்பி வாங்காதீர்கள். 26 என்ற ஒரே பெயரில் 559, 584, 590 மிமீ என்று பல வெவ்வேறு விட்டத்தில் டயர் வருகிறது. 28 என்றால் 622ம் உண்டு, நம் ஊர் பழைய பெரிய சைக்கிளின் 635ம் உண்டு. 635 டயர் 622 ரிம்மில் சுலபமாக ஏறிவிடும். 13 மிமீ தொளதொளப்பு, காற்றடித்தால் ஒரு பக்கம் வெளியே வந்துவிடும். பழைய டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தால் 37-622 என்பதுபோல் ஒரு எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் விட்டம். இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும். அகலத்தைக் கூட்டுவதானால் முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும் பின்பக்கக் கம்பிகளிலும் டயருக்கு இருபுறமும் 5 மிமீயாவது இடம் இருக்கிறதா பாருங்கள். இருவர் எழுந்து மிதிக்கும்போது சக்கரம் வளையும், ஒரு ஸ்போக் போனால் கோட்டம் விழுந்து டயர் உரசும்.

தலையில் கட்டுகிறோம் என்ற சொல்தான் எங்களை அதிகம் வருத்தியது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறோம். விளிம்பில் இரும்புக் கம்பி உள்ள சாதாரண டயரே டேண்டத்துக்குப் போதும். மடித்துப் பெட்டியில் வரும் டயர் விலை அதிகம். எடையில் மிச்சமாகும் நூறு இருநூறு கிராம் 155 கிலோவில் தெரியவே தெரியாது. விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாங்களே பலரிடம் சொல்லியிருக்கிறோம், சொல்லக் கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் இருக்கிறீர்கள். செலவு செய்வதென்றால் பஞ்சர் தடுக்கும் பட்டை உள்ள டயருக்குச் செய்யுங்கள். சீமைக் கருவேல முள்ளும் நெடுஞ்சாலையில் சிதறிக் கிடக்கும் லாரி டயர்க் கம்பியும்தான் நம் பக்கத்துப் பஞ்சர்களில் பாதி. உள்ளே தனிப் பட்டை வைப்பதானால் அதன் முனையை வளைவாக வெட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அந்த முனையே டியூபை அறுக்கும்.

மலைக்குப் போகிறவர்கள் ரிம் பட்டையை, அதாவது ரிம்முக்குள் ஸ்போக் துளைகளை மூடும் பட்டையை, பார்க்காமல் போகாதீர்கள். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் இருவர் எடையை அடக்கி இறங்கினால் ரிம் தொட முடியாமல் சுடும். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பட்டை இருந்தால் இளகிவிடும். கழற்றிப் பார்த்தால் டியூபின் உட்பக்கத்தில் ஸ்போக் துளைகளின் இடைவெளியிலேயே வரிசையாகக் கொப்புளம் எழுந்திருக்கும். அதில் ஒன்று பிளந்தால் டயர் வெடித்ததாகத்தான் தோன்றும், பழி டயருக்குப் போகும். துணிப் பட்டை ஒட்டுங்கள், சாதாரண பியூட்டைல் ரப்பர் டியூப் போடுங்கள். மெல்லிய லேடெக்ஸ் ரப்பர் டியூப் வேண்டாம். டிஸ்க் பிரேக் வண்டிக்கு இந்தச் சூடு ரிம்முக்கு வராது.

பின் டயர் முதலில் தேயும். தேய்ந்ததும் முன் டயரைப் பின்னால் மாற்றிப் புதியதை முன்னால் போடச் சொல்வோம். முன் டயர் வெடித்தால் பிடிக்க முடியாது, அதனால்தான். இதையும் கூலிக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

எங்கள் மெக்கானிக் ஒருவர் ஊருக்குப் போய்விட்டதால் டேண்டம் வேலைக்கு இனி இரண்டு நாள் வண்டியை விட்டுப் போக வேண்டியிருக்கும், ஜோடி டயர் மாட்டும் கூலியும் 250 ரூபாய் ஆகிறது.

பதிவைக் கேட்ட பிறகும் வண்டியோடு எங்களிடமே வந்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. டயர் எங்கே வாங்கியதாக இருந்தாலும் எடைக்கும் ரிம்முக்கும் பொருந்தினால் மாட்டித் தருவோம். வரும்போது இருவரும் சேர்ந்து வாருங்கள், எப்போதும் எடுத்துப்போகும் பைகளையும் கொண்டு வாருங்கள். எடை பார்த்து, உட்காரவைத்து அளந்து, உங்கள் வண்டிக்கான காற்றளவை ஒரு சீட்டில் எழுதித் தருகிறோம். அதற்குக் காசு இல்லை.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடை