மலாக்கா வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலாக்காவைத் தமிழில் சுற்றிக் காட்டும் அன்பர்களுக்கு வணக்கம்.

போன விடுமுறையில் மதுரையிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தோடு உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். ஆ ஃபமோசா கோட்டை வாசலில் எங்கள் வழிகாட்டி, "1511இல் போர்த்துகீசியர் பிடித்தார்கள், 1641இல் டச்சுக்காரர் பிடித்தார்கள், எல்லாரும் படம் எடுத்துக்குங்க" என்று முடித்துவிட்டார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாசலுக்கு மேலே 1670 என்று செதுக்கியிருக்கிறதே, அது என்ன கணக்கு என்று சித்தப்பா கேட்டார். பதில் வரவில்லை. அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னத்தோடு செதுக்கிய ஆண்டு. போர்த்துகீசியர் கட்டியதை அவர்கள் பழுதுபார்த்துத் தங்கள் முத்திரையைப் பதித்தார்கள். 1807இல் ஆங்கிலேயர் கோட்டையை இடிக்கத் தொடங்கி, ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் தலையிட்டதால் இந்த ஒரு வாசல் தப்பியது.

சரி, அதுகூடப் பெரிதில்லை. தமிழ்க் கூட்டத்தை அங்கே நிறுத்திவிட்டு, அந்தக் காலத் தமிழ் வணிகர் நினா சத்துவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போர்த்துகீசிய ஏடுகளில் அவர் பெயர் அப்படித்தான் இருக்கிறது. நம் வாயில் அது நயினா செட்டியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களை அங்கே அப்போது கிளிங் என்றார்கள். பழவேற்காட்டுத் துணியைக் கொண்டுவந்து மலுக்கு, பண்டா தீவுகளின் கிராம்பு, ஜாதிக்காய்க்கு மாற்றும் வியாபாரம் அவர்களுடையது. அந்த வணிகர்களில் பெரிய புள்ளி இவர். 1509இல் வந்த போர்த்துகீசியக் கப்பல்கள் தப்பியோடியபோது சிலர் சுல்தானிடம் சிறைப்பட்டார்கள். அவர்களுக்கு மறைவாக உதவியவர் இவர்தான். ஊரைப் பிடித்ததும் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் அவரை முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், ஆக்கினார். நினா சத்து போர்த்துகீசிய அரசோடு பங்கு போட்டுக் கப்பலும் அனுப்பினார்.

அவரைத் தமிழனின் பெருமை என்று மட்டும் விற்றுவிடாதீர்கள். மலாய்க்காரர் பார்வையில் அவர் அந்நியனுக்குக் கதவைத் திறந்தவர். மசூதிக் கல்லையும் சுல்தான்களின் கல்லறைக் கல்லையும் பெயர்த்து அந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். 1514இல் அவர் பதவியைப் பறித்துச் சுமத்ராவில் இருந்த கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் சிதை அடுக்கித் தீயில் இறங்கினார் என்றொரு கதை உண்டு. அந்தக் கம்பார் அரசரும் நிலைக்கவில்லை. பதவி கொடுத்தவர்களே கொன்றார்கள்.

இவ்வளவையும் சொல்ல ஐந்து நிமிடம் போதும். கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கும் மாதிரிக் கப்பலைக் காட்டி, புளோர் டி லா மார் என்ற போர்த்துகீசியக் கப்பல் கொள்ளைப் பொருளோடு சுமத்ராவுக்கு அருகில் மூழ்கிய கதைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறீர்களே! (அதுவும் நல்ல கதைதான், குழந்தைகள் கண் கொட்டாமல் கேட்டார்கள்.)

அப்புறம், மலாய் பேசிக்கொண்டே மாரியம்மனைக் கும்பிடும் மலாக்கா செட்டிகளின் காஜா பெராங் கிராமத்துக்கும் வண்டியைத் திருப்புங்கள். உஜோங் பாசிரில் கிறிஸ்தாங் என்ற போர்த்துகீசியக் கலப்பு மொழி பேசும் போர்த்துகீசியக் குடியிருப்புக்கு மீன் சாப்பிட மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

டிசம்பரில் அத்தை குடும்பம் வருகிறது. வாசலில் 1670ஐக் காட்டிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வண்டியில் வந்த ஒருவன்