கோளின் தூரம் மட்டும் போதாது, விண்மீனின் குணமும் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

‘பூமியைப் போல இன்னொரு கோள்’ என்ற தலைப்பு நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. அது வந்து சில மாதம் போனதும் அதே கோளைப் பற்றி ‘கதிர்வீச்சில் கருகிய உலகம்’ என்று இன்னொரு தலைப்பு வரும். இரண்டையும் வாசிக்கிற உயர்தர மாணவன், விஞ்ஞானிகள் நாளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பான். உண்மையில் இரண்டு செய்தியிலும் விடுபட்டிருப்பது ஒன்றே: அந்தக் கோளுக்கு வெளிச்சம் தருகிற விண்மீன் எப்படிப்பட்டது என்பது.

இப்படிச் செய்தியாகும் கோள்களில் பெரும்பாலானவை சிவப்புக் குள்ளன் எனப்படும் சிறிய, குளிர்ந்த விண்மீன்களைச் சுற்றுகின்றன. அங்கே உயிர் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அல்ல, அங்கே கண்டுபிடிப்பது இலகு என்பதால். பூமியளவுக் கோள் ஒன்று சூரியனுக்குக் குறுக்கே போனால் சூரிய ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. ட்ரப்பிஸ்ட்-1 என்ற சின்ன விண்மீனுக்குக் குறுக்கே போனால் நூற்றுக்கு ஏறத்தாழ 0.6 பங்கு குறைந்துவிடும். விண்மீன்களில் நான்கில் மூன்று பங்கு இந்த வகைதான். ஆனாலும் அவற்றில் ஒன்றுகூட நம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மங்கல்.

மங்கலான விண்மீன் என்பதால் அதன் ‘வாழ்தகு வலயம்’, அதாவது நீர் திரவமாக இருக்கக்கூடிய தூர எல்லை, மிக நெருக்கத்தில் இருக்கிறது. 2016 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்ட புரொக்சிமா பி என்ற கோள் தன் விண்மீனான புரொக்சிமாவிலிருந்து ஏறத்தாழ 73 இலட்சம் கிலோமீற்றரில் 11.2 நாளுக்கு ஒரு சுற்றுப் போகிறது. நமக்கும் சூரியனுக்கும் இடையில் 15 கோடி கிலோமீற்றர். அந்தக் கோளுக்குக் கிடைக்கும் மொத்த ஒளி பூமிக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்களவு, ஆகவே நீர் திரவமாக இருக்கலாம் என்று கணக்குச் சொல்கிறது. அதே கோளில் விழும் எக்ஸ் கதிரோ பூமியில் விழுவதைப்போல நூறு மடங்குக்கும் மேல். வாழ்தகு வலயம் என்பது வெறும் வெப்பக் கணக்கு. இந்த இரண்டாவது எண்ணை அது பார்ப்பதே இல்லை.

இந்தக் கதிர்வீச்சைத் திடீரென்று பெருக்குவது சுவாலை, அதாவது விண்மீனில் நடக்கும் வெடிப்பு. அது ஏன் வருகிறது? சூரியனின் திணிவில் மூன்றிலொன்றுக்குக் குறைந்த விண்மீன்கள் மையம் முதல் மேற்பரப்பு வரை முழுவதும் கொதித்துப் புரள்பவை. அந்தப் புரளலும் சுழற்சியும் சேர்ந்து வலிய காந்தப்புலத்தை உண்டாக்கும். புலக்கோடுகள் முறுக்கேறி, அறுந்து, வேறுவிதமாகப் பொருந்தும்போது தேங்கிய சக்தி செக்கன்களிலோ நிமிடங்களிலோ வெளியே கொட்டுகிறது. சூரியனிலும் இதுவேதான் நடக்கிறது. ஆனால் குப்பிவிளக்கு எரிகிற அறையில் அடித்த கமரா பிளாஷும் நடுப்பகல் வெயிலில் அடித்த பிளாஷும் ஒன்றாகத் தெரியாதே. சிவப்புக் குள்ளன்களின் மேற்பரப்பு 3,000 கெல்வின் அளவில் இருக்க, சுவாலையின் ஒளி 9,000, 10,000 கெல்வினை எட்டுகிறது. அதனால் மேலதிக ஒளி நீலத்திலும் கழியூதாவிலும் (புறஊதாக் கதிரிலும்) குவிகிறது. சிவப்பில் பார்த்தால் அதே சுவாலை அனேகமாகத் தெரியாமலே போய்விடும்.

புரொக்சிமா 2016 மார்ச்சில் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே 68 மடங்கு பிரகாசித்தது. பருமன் எண் குறையக் குறைய ஒளி கூடும்: பதினோராம் பருமன் விண்மீன் சில நிமிடங்களுக்கு 6.8ஐத் தொட்டது, அதாவது மலையுச்சியின் தெளிந்த இருட்டில் கூரிய கண்ணுக்கு எட்டியும் எட்டாத விளிம்பு. 2019 மே 1ஆம் திகதி ஏழு செக்கன் மட்டுமே நீடித்த ஒரு சுவாலையில் அதன் தூரக் கழியூதா ஒளி 14,000 மடங்கு கூடியது. மெதுவாகச் சுழலும் விண்மீன் அமைதியானது என்பது பொது விதி. புரொக்சிமா ஒருமுறை சுழல மூன்று மாதமளவு எடுக்கிறது, அப்படியிருந்தும் அடங்கவில்லை. 145 நாளளவு எடுக்கும் வயதான பார்னார்ட் விண்மீனிலும் 1998இல் சுவாலை பதிவானது. ஆகவே ‘வயதானது, அமைதியானது’ என்ற வரியைச் செய்தியில் கண்டால் எவ்வளவு நேரம், எந்த அலைநீளத்தில் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்க வேண்டும்.

சரி, சுவாலை அடித்தால் கோள் கருகிவிடுமா? இங்கேதான் எதிர்த் தலைப்பும் தவறுகிறது. ஏடி லியோனிஸ் என்ற சிவப்புக் குள்ளனில் 1985 ஏப்ரலில் பதிவான பெருஞ்சுவாலையை எடுத்து, பூமியைப் போன்ற வளிமண்டலமுள்ள கோள் அங்கே இருந்தால் என்ன ஆகும் என்று கணித்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. கழியூதா மட்டும் என்றால் ஓசோனில் மாற்றம் நூற்றுக்கு ஒன்றளவுதான். சுவாலையோடு புரோத்தன் வீச்சும் வந்து தாக்கினால் நிலைமை வேறு: புரோத்தன்கள் நைதரசனை உடைக்க, உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகள் ஓசோனைத் தின்னும். இரண்டு ஆண்டளவில் ஓசோனில் 94 சதவீதம் போய்விடும், மீள ஐம்பது ஆண்டுவரை எடுக்கும். இது ஒரேயொரு சுவாலைக்கான கணக்கு. அடுத்த பெருஞ்சுவாலை மீள முன்னரே வந்தால் ஓசோன் தேறவே தேறாது. ஆக முக்கிய கேள்வி வெளிச்சம் எத்தனை மடங்கு என்பதல்ல, துணிக்கைகள் கோளின் திசையில் வருகின்றனவா என்பதே. வேகமாகச் சுழலும் நான்கு சிறு விண்மீன்களில் பெருஞ்சுவாலைகள் மத்திய கோட்டுக்கு அருகே அல்லாமல் 55 பாகைக்கு மேற்பட்ட உயர் அகலாங்குகளில் வெடித்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. மத்திய கோட்டுத் தளத்தில் சுற்றும் கோளுக்கு அது நல்ல செய்தி. சில மீற்றர் ஆழ நீருக்கடியில் கழியூதா பெரிய பிரச்சினையும் அல்ல.

என் கணிப்பில் பெரிய ஆபத்து இன்றைய சுவாலை அல்ல, விண்மீனின் இளமைக்காலம். சிவப்புக் குள்ளன் சுருங்கி நிலைக்குவர நூறு கோடி ஆண்டுவரைகூட எடுக்கும். அதுவரை அது இப்போதைவிடப் பிரகாசமாக இருக்கும். இன்று வாழ்தகு வலயத்தில் உள்ள கோள் அன்று அடுப்படியில் இருந்தது. நீராவி மேலே போய் உடைந்து, ஐதரசன் வெளியில் தப்ப, ஒட்சிசன் மிஞ்சும். நாளைக்கு யாராவது ‘ஒட்சிசன் கண்டுபிடிப்பு’ என்று அறிவித்தால் அது உயிரின் சுவடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கடல் வற்றிய சுவடாகவும் இருக்கலாம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி 2023இல் அளந்தபோது ட்ரப்பிஸ்ட்-1 பி கோளின் பகற்பக்கம் ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ், வளியில்லாத வெறும் பாறைக்கு எதிர்பார்த்த அளவு. அடுத்த கோளான சி-யிலும் தடித்த காபனீரொட்சைட்டு வளிமண்டலம் இல்லை. இரண்டும் வாழ்தகு வலயத்தைவிட விண்மீனுக்கு நெருங்கிய, சூடான பக்கம் இருப்பவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவற்றைவிடத் தள்ளி வெளியே உள்ள கோள்களுக்கு அதை அப்படியே பொருத்தக்கூடாது.

சுவாலை அளவீட்டையே ஏமாற்றுவதும் உண்டு. புரொக்சிமாவைச் சுற்றித் தூசு வளையம் இருப்பதாக 2017இல் சொல்லப்பட்டது. சிலியிலுள்ள அல்மா தொலைகாட்டியின் அதே தரவை நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்த ஆண்டு மார்ச் 24இல் நிமிடக் கணக்கில் அடித்து ஓய்ந்த ஒரு சுவாலை சராசரியை உயர்த்தியிருந்தது தெரியவந்தது.

இதையெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து அளக்கவும் முடியும். புரொக்சிமாவை விட்டுவிடலாம்: இங்கே அது அடிவானத்திலிருந்து 17, 18 பாகைக்கு மேல் ஏறாது, கடற்புகாரே பாதி ஒளியைத் தின்றுவிடும். பாடசாலைத் தொலைகாட்டிக்கு ஏற்றது வைஇசட் கானிஸ் மைனோரிஸ் என்ற சிவப்புக் குள்ளன். 2009 ஜனவரியில் கழியூதாவில் ஆறு பருமனளவு எகிறி ஏழு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்த சுவாலை இதனுடையதுதான். புரோசியன் விண்மீனிலிருந்து தென்கிழக்காக இரண்டு பாகை தள்ளி, பதினோராம் பருமனில் இருக்கிறது. மாரி முடிந்து வானம் வெளிக்கும் மாசி, பங்குனி இரவுகளில் நம் தலையுச்சிக்கு ஆறு பாகை கிட்டவரை ஏறும்.

150 மில்லிமீற்றர் ஆடி கொண்ட தெறிப்புத் தொலைகாட்டி, மோட்டார் பூட்டிய தாங்கி, ஒரு டிஎஸ்எல்ஆர் கமரா போதும். ஐஎஸ்ஓ 800, 30 செக்கன், ரோ கோப்பு (கமரா திருத்தாத மூலப்படம்). ஜேபெக் எடுத்தால் கமரா ஒளியளவைத் தன்பாட்டில் திருத்திவிடும். அளக்கும்போது நீல அலைவரிசையை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஒரே சட்டத்தில் (அதாவது ஒரே படத்தில்) ஒளி மாறாத ஒப்பீட்டு விண்மீன் ஒன்றும், அதைச் சோதிக்கச் சரிபார்ப்பு விண்மீன் ஒன்றும் வேண்டும். அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்தின் இணையத்தளத்தில் அதற்கான வரைபடம் இலவசம்.

பிழை வருமிடங்கள் தெரிந்தவைதான். விண்மீன் வடக்கு-தெற்கு உச்சிக்கோட்டைக் கடக்கும்போது தாங்கியைத் திருப்பிப் போட்டால் படம் தலைகீழாகி, தட்டைப் படத் திருத்தம் (படத்தின் மூலைக்கு மூலை உள்ள வெளிச்ச வேறுபாட்டைச் சமன்படுத்துவது) சரியில்லாதபோது ஒளி வரைபில் படிக்கட்டுப் போல ஒரு படி விழும். அதைச் சுவாலை என்று எழுதிவிடுவார்கள். ஆகவே திருப்பலை முன்கூட்டியே திட்டமிட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரே ஒரு சட்டத்தில் மட்டும் துள்ளினால் அது அண்டக்கதிரோ செயற்கைக்கோளோ. மூன்று சட்டமாவது தொடர வேண்டும், ஏற்றம் செங்குத்தாகவும் இறக்கம் சாய்வாகவும் இருக்க வேண்டும். எல்லா விண்மீனும் சேர்ந்து மங்கினால் மெல்லிய முகில் அல்லது ஆடியில் பனி. குழாய் வாயில் அரைமுழ நீளத்துக்குக் கறுத்த மட்டையைச் சுற்றினால் பனி பிந்தும். நம் உப்புக்காற்று அலுமினியப் பூச்சை அரிப்பதால் வேலை முடிந்து மூடும் முன் ஆடி உலர்ந்திருக்க வேண்டும். துணியால் துடைத்தால் பூச்சே போய்விடும்.

கமரா மணிக்கூட்டை அன்றன்றே கைத்தொலைபேசியோடு ஒப்பிட்டு, பதிவில் உலக நேரம் எழுத வேண்டும். நம் நேரத்தில் ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்கும்போது அதிகாலைப் பதிவுகளில் திகதியும் ஒரு நாள் பின்னுக்குப் போகும்.

பௌதிகவியல் ஆசிரியர்,
கொக்குவில்.