வாக்குத்தத்த அட்டையும் எரேமியாவின் நிருபமும்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையின் முடிவில் நீங்கள் வழங்கும் வாக்குத்தத்த அட்டையை, அதாவது புது வருஷத்துக்கான வாக்குத்தத்தமாக ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டையைக் குறித்து எழுதுகிறேன். என் தாயாரின் வேதாகமத்துக்குள் அப்படி ஓர் அட்டை இன்னும் இருக்கிறது. எரேமியா 29:11, ஓரம் மடங்கி, கை வியர்வை பட்டு எழுத்து மங்கியது. புற்றுநோயில் கிடந்த அவருக்காக ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், கர்த்தர் தருவதாக அதில் சொல்லும் ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவு’ என்ற சொற்களை விரலால் தொட்டுக் காட்டி, “நீங்கள் எதிர்பார்ப்பது சுகம்தானே, இந்த வருஷத்துக்குள் அது நிச்சயம்” என்றார். ஆகஸ்டில் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தம் விசுவாசத்தில் என்ன குறை என்று கடைசி வாரம் முழுவதும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அதன் பின்புதான் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தேன். கி.மு. 597-இல் யூதாவின் ராஜாவாகிய எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய நிருபம் அது. விடுதலைக்கு எழுபது வருஷம் ஆகும் என்று பத்தாம் வசனம் சொல்லுகிறபடியால், நிருபத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் உயிரோடு ஊர் திரும்ப வழியில்லை. ஆகவேதான் வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று அதே நிருபம் அவர்களுக்குச் சொல்லுகிறது. முந்திய அதிகாரத்திலோ அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் சகல ஜனங்களுக்கும் முன்பாகக் கர்த்தரின் நாமத்தினால் சொல்லி, பாபிலோனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தையும் உடைத்துப்போட்டான். அத்தகைய தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க இடங்கொடாதிருங்கள் என்பதே 29:8-இன் எச்சரிப்பு. பதினோராம் வசனத்துக்கு மூன்று வசனம் மேலே இருக்கும் அதை நான் எந்த அட்டையிலும் கண்டதில்லை. எரேமியாவின் வசனத்தைக் கையில் கொடுத்து, அனனியாவின் செய்தியை என் தாயாருக்குச் சொல்லிவிட்டார்கள்.

இதை விசாரிக்கப் போனபோது, கர்த்தரால் அபிஷேகம்பண்ணப்பட்டவர்களை, அதாவது ஊழியர்களை, தொடக் கூடாது என்று பதில் கிடைத்தது. சங்கீதம் 105-இல் அந்தக் கட்டளை, பரதேசிகளாய்த் திரிந்த முற்பிதாக்களை ஒடுக்காதபடி ராஜாக்களுக்கு இடப்பட்டது. பிரசங்கத்தை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் விசுவாசியின் வாயை அடைக்க அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்போஸ்தலனாகிய பவுலே பேசியபோதும் பெரோயா பட்டணத்தார் ‘காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று’ தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். அதற்காகவே அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்த காலமுதல், அப்படி ஆராயும் வாய்ப்பு நம் ஜனங்களுக்கும் உண்டு.

அட்டைகளை நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. இந்த டிசம்பர் 31 இரவு, அவற்றைக் கொடுக்குமுன் எரேமியா 29:1 முதல் 14 வரை பிரசங்க பீடத்திலிருந்து முழுவதும் வாசியுங்கள். வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் கேள்விக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நோயாளியின் கட்டிலருகே பதினோராம் வசனத்தை எடுக்கும்போது, தயவுசெய்து பத்தாம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சபையின் விசுவாசி ஒருவர்