மீன்பிடித் தடைக்காலம் ரெண்டு நாட்டுப் பக்கமும் ஒண்ணா இருக்கணும்

ஆசிரியருக்கு வணக்கம், கடல் பொருளாதாரத்துல பக்கத்து நாடுங்க கைகோர்க்கணும்னு நீங்க போட்ட தலையங்கம் ரொம்ப சரி, ஆனா துறைமுகம் கப்பல்னு பேசிட்டு மீனை விட்டுட்டீங்களே. ஒரு நாடு தடைக்காலம்னு வலையை மடிச்சு வைக்குது, அதே மீன் எல்லை தாண்டினா அந்தப் பக்கம் அள்ளிடறாங்க, அப்புறம் தடை போட்டு என்ன பிரயோஜனம்? நான் போட்ல வேலை பார்த்தப்போ ஒருநாள் வலையைக் கொட்டினா பாதிக்கு மேல விரல் நீளக் குஞ்சுங்க, திரும்பக் கடல்ல தள்ளினோம், எல்லாம் செத்து மிதந்துச்சு, இன்னும் கண்ணுலயே நிக்குது.

நார்வேயும் ரஷ்யாவும் (அப்போ சோவியத் யூனியன்) 1976லேர்ந்து கூட்டு கமிஷன் வச்சு, வடக்கே ஆர்க்டிக் பக்கம் இருக்கிற பேரன்ட்ஸ் கடல்ல காட் மீனை எவ்வளவு பிடிக்கலாம்னு சேர்ந்து முடிவு பண்றாங்க, அரசியல் சண்டை இருந்தும். மத்த நாடுங்களும் முதல்ல தடைக்காலத் தேதியையும், குஞ்சுங்க மாட்டாம இருக்க வலைக்கண் (வலை ஓட்டை) அளவையும் பேசி ஒண்ணாக்கட்டும், அந்தப் பேச்சுல மீனவங்களையும் உக்கார வைங்க.