முதலில் ஆதாரத்தைக் காட்டுங்கள், பிறகு அபராதத்தைக் கேளுங்கள்

போக்குவரத்துக் கேமராப் பிரிவின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சிவப்பு விளக்கை மீறியதாக நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் எட்டு நாட்களாக என் மேஜைமேல் கிடக்கிறது. 14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். குற்றத்தை மறுத்தால் அந்தச் சலுகை போய்விடும். வழக்கில் தோற்றால் முழுத் தொகையோடு நீதிமன்றச் செலவும் என் தலையில் விழும். கட்டிவிடுவதா, நீதிமன்றப் படி ஏறுவதா? தினமும் இரவில் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கிறேன், முடிவுக்கு வர முடியாமல் மடித்து வைக்கிறேன். கெடுவுக்கு இன்னும் ஆறு நாட்கள் இருக்கின்றன.

கேமராக்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சிவப்பில் பாய்ந்து வந்த ஒரு வண்டி மோதி, என்னோடு வேலை செய்யும் ஒருவர் நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். அந்தச் சந்திப்பில் அன்று ஒரு கேமரா இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியவன் நான். தவறு செய்தேன் என்று எனக்கே தெரிந்திருந்தால் இந்த மடலுக்கு வேலையே இல்லை, அன்றே கட்டியிருப்பேன்.

நீங்கள் அனுப்பிய இரண்டு புகைப்படங்களைப் பற்றிச் சொல்கிறேன். முதல் படத்தில் என் கார் நிறுத்தக் கோட்டின்மேல் இருக்கிறது. பிரேக் விளக்குகள் இரண்டும் எரிகின்றன, திரும்புவதற்கான இண்டிகேட்டரும் எரிகிறது. இரண்டாவதில் கார் பாதி திரும்பியிருக்கிறது. படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை: தேதி, நேரம், வேகம். சிவப்பு விழுந்து எத்தனை நொடி ஆனது என்ற இடத்தில் 0.4 என்று தெளிவாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், மஞ்சள் எத்தனை நொடி எரிந்தது என்ற எண்ணில் மட்டும் மை அப்பியிருக்கிறது. அம்மா படிக்க வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தேன். ஒரு கோணத்தில் 3.0 என்று தெரிகிறது, இன்னொரு கோணத்தில் 3.8. என் வழக்கு முழுவதும் அந்த ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கிறது.

உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தவர் மரியாதையாகவே பேசினார். காணொளியும் கருவியின் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டுமென்றால் குற்றத்தை மறுத்து எழுதிக் கொடுங்கள், வழக்கு பதிவான பிறகு தருவோம் என்றார். எதிர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கத்தான் எனக்கு ஆதாரம் வேண்டும். நீங்களோ எதிர்ப்பது என்று முடிவெடுத்த பிறகுதான் ஆதாரத்தைக் கண்ணில் காட்டுவோம் என்கிறீர்கள். பாதித் தொகைச் சலுகையை இழந்துதான் என்மீதுள்ள சாட்சியத்தை நான் பார்க்க வேண்டுமா?

நான் கேட்பது ஒன்றுதான். முடிவெடுக்கும் முன் ஆதாரத்தைக் காட்டுங்கள்.

மஞ்சளின் அளவைப் பிடித்துக்கொண்டு ஏன் நிற்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருபவர் மஞ்சளைக் கண்டு, ஒரு நொடியில் சுதாரித்து, சீராகப் பிரேக் போட்டு நிற்க ஏறத்தாழ 45 மீட்டர் வேண்டும். அதைவிட நெருங்கிவிட்டால் நிற்க இடமில்லை, கடந்துதான் போக வேண்டும். நேராகப் போகிறவர் அந்தத் தூரத்தை மூன்றே கால் நொடியில் கடந்துவிடுவார். திரும்புகிறவர் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். சராசரியாக 35 கிலோமீட்டரில் போனாலும் அவருக்கு நாலரை நொடிக்கு மேல் பிடிக்கும். முறையாக வேகம் குறைத்துத் திரும்புகிறவரைத்தான் குறுகிய மஞ்சள் குற்றவாளியாக்குகிறது.

இது என் கற்பனைக் கணக்கு அல்ல. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவரின் மனைவிக்கு 2013இல் இப்படியொரு கேமரா அபராதம் வந்தது. அவர் உட்கார்ந்து ஆராய்ந்து, மஞ்சள் எத்தனை நொடி எரிய வேண்டும் என்று கணக்கிட 1959இல் வகுக்கப்பட்ட சூத்திரம் திரும்பும் வண்டிகளைக் கணக்கில் எடுக்கவில்லை என்று காட்டினார். உரிமம் இல்லாமல் பொறியாளர் வேலை பார்த்ததாகச் சொல்லி பொறியாளர்களுக்கு உரிமம் தரும் மாநில வாரியம் அவருக்கே 500 டாலர் அபராதம் போட்டது. அவர் விடவில்லை. 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2020இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் அமைப்பு மஞ்சள் விளக்குக்கான தன் வழிகாட்டு நெறிகளையே திருத்திக்கொண்டது. ஒரு நோட்டீஸில் தொடங்கி ஏழு ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளைக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

என்னால் முடியாது. எனக்கு விடுப்பு எடுத்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. விசாரணைக்கு ஒரு நாள், வாய்தா போட்டால் இன்னொரு நாள். முதல் நாளிலேயே நான் இழக்கும் கூலி நீங்கள் கேட்கும் பாதித் தொகையைத் தாண்டிவிடும். வென்றாலும் நட்டம் என்பது தெரிந்துதான் பலரும் பேசாமல் கட்டுகிறார்கள். கட்டியவர்கள் எல்லோரும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் என்று தயவுசெய்து கணக்குக் காட்டாதீர்கள். அவர்களில் எத்தனையோ பேர் தங்கள் ஒரு நாள் பிழைப்பைக் காப்பாற்றிக்கொண்டவர்கள்.

கேமராவும் தவறும். 2012இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், சிவப்பு விளக்கில் அசையாமல் நின்றிருந்த காருக்கு 38 மைல் வேகத்தில் போனதாக நோட்டீஸ் போனது. கார் நிற்பதைக் காட்டிக்கொடுத்தது அந்தக் கேமரா எடுத்த காணொளிதான். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவரே ஓட்டினார் என்று கொண்டு, இல்லையென்று அவரையே நிரூபிக்கச் சொல்வது செல்லாது என்று 2015இல் மிசௌரி மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது நீங்கள் அறியாததா? கருவி சாட்சி சொன்னால் அந்த நியதி மாறிவிடுமா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டு முடிக்கிறேன். நோட்டீஸ் அனுப்பும்போதே முழுக் காணொளியையும், அந்தச் சிக்னலில் மஞ்சள் எரியும் நொடிகளையும், கருவியைக் கடைசியாகச் சோதித்த தேதியையும் சேர்த்து அனுப்புங்கள். ஆதாரம் கேட்டு ஒருவர் எழுதினால், அது அவர் கைக்கு வரும்வரை சலுகைக் கெடுவை நிறுத்தி வையுங்கள். முடிவெடுக்கும் முன் ஆதாரத்தைக் காட்டுங்கள் என்பதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

என் நோட்டீஸின் நகலையும் அந்த மங்கிய எண்ணை வட்டமிட்ட படத்தையும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அது 3.0 என்றால் வழக்காடுவேன். 3.8 என்றால் யாரிடமாவது விவரம் கேட்டு யோசிப்பேன். எது என்பதை மட்டும் ஆறு நாட்களுக்குள் சொல்லிவிடுங்கள்.

பணிவுடன்,
ஒரு வாகன ஓட்டி