பெய்ஜ் ஐயா, அந்த ஆடு எதைத் தின்றது?

அன்புள்ள சாட்செல் பெய்ஜ் ஐயாவுக்கு,

பேஸ்பால் பந்து வீச்சாளரான நீங்கள், வயதைக் கேட்டவர்களுக்கெல்லாம் அவிழ்த்துவிட்ட ஆட்டுக் கதையைப் படித்து முதலில் வாய்விட்டுச் சிரித்தேன். பிறந்த தேதி எழுதியிருந்த குடும்ப பைபிளை ஆடு தின்றுவிட்டதாம், அதனால் உங்களுக்கே உங்கள் வயது தெரியாதாம். அலபாமாவின் மொபைல் ஊர்ப் பதிவேட்டில் 1906 ஜூலை 7 என்று தெளிவாகவே இருக்கிறது. அது வெளியே வந்த பிறகும் நீங்கள் ஆட்டை விடவில்லை. சரி, வயது மர்மமாக இருந்தால் நாலு டிக்கெட் கூடுதலாக விற்கும். தொழில் தெரிந்தவர் நீங்கள்.

அப்புறம் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சம்பளத்துக்குப் பந்து வீசத் தொடங்கியது 1926-இல், சட்டநூகாவின் கறுப்பர் அணியில். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் 1948 ஜூலை 9. நடுவே 22 வருடம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இப்படிச் சொன்னால்தான் உறைக்கிறது: ஒரு வேகப்பந்து வீச்சாளர் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்துக்கு 42 வயதில் வருகிறார்.

உங்களை யாரும் பார்க்காமல் இல்லை. 1936-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் உங்கள் பந்தில் ஒரே ஒரு ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஓடித் தளத்தைச் சேர்வது) எடுத்த ஜோ டிமாஜியோ, தான் எதிர்கொண்டவர்களிலேயே சிறந்தவர் நீங்கள்தான் என்று பின்னாளில் சொன்னார். அந்த ஆட்டம் முடிந்ததும் அவர் மேஜர் லீக் அணியான நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். நீங்கள் அடுத்த ஊருக்குப் போனீர்கள். கறுப்பர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று எந்த விதிப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லா மேஜர் லீக் அணிகளும் ஒழுங்காகக் கடைப்பிடித்தன.

உங்கள் பந்துகளில் எனக்குப் பிடித்தது அந்தத் தயங்கும் பந்து. இடது காலை ஆகாயத்துக்குத் தூக்கி, முன்னே ஊன்றிய பிறகும் கை வராது. ஒரு கணம் அப்படியே நிற்கும். மட்டையாளர் அவசரப்பட்டுச் சுழற்றி முடித்த பிறகு பந்து சாவகாசமாக வந்து சேரும். 1948-இல், மேஜர் லீக்கின் ஒரு பிரிவான அமெரிக்கன் லீக்கின் தலைவர் வில் ஹாரிட்ஜ் அதற்குத் தடை போட்டார். உள்ளே விடவே அத்தனை வருடம் தயங்கியவர்கள், நீங்கள் ஒரு நொடி தயங்கியதைப் பொறுத்துக்கொள்ளவில்லை!

அதே 1948-இல் கிளீவ்லண்ட் அணி உங்களை எடுத்தபோது அது வெறும் விளம்பரத் தந்திரம் என்று 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' பத்திரிகை எழுதியது. ஆகஸ்ட் 20 அன்று இரவு உங்களைப் பார்க்க 78,382 பேர் வந்தார்கள். எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தீர்கள். அந்தப் பருவத்தில் ஆறு வெற்றி, ஒரு தோல்வி. அணி மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரையும் வென்றது. இத்தனைக்கும், 1938-இல் மெக்சிகோவில் தோள் விட்டுப்போய், இனி வீசவே முடியாது என்று மருத்துவர்கள் கைவிரித்த கை அது.

கறுப்பர்களில் உங்களை விட்டு ஜாக்கி ராபின்சனை மேஜர் லீக்கில் முதலில் எடுத்தது உள்ளுக்குள் வலித்தது என்று நீங்களே பிறகு ஒப்புக்கொண்டீர்கள். ஊருக்கு ஊர் சிரிக்கவைத்துக்கொண்டு திரிந்த மனிதர் அதைச் சொன்னதால்தான் இந்தக் கடிதமே எழுதத் தோன்றியது. பெரும் மட்டையாளர் ஜோஷ் கிப்சனுக்கு அந்த வலிகூட வாய்க்கவில்லை. 1942-இல் கறுப்பர் அணிகளுக்கான நீக்ரோ லீக் தொடரில் நீங்கள் மூன்றே பந்தில் வெளியேற்றிய அதே கிப்சன்தான். (அந்தக் கதையில் உங்கள் மசாலா கொஞ்சம் உண்டு, அது எனக்குப் பிடிக்கும்.) 1947 ஜனவரியில், 35 வயதில் போய்விட்டார். ராபின்சன் களமிறங்கியது ஏப்ரலில். 2024-இல் நீக்ரோ லீக் ஆட்டங்களையும் மேஜர் லீக் கணக்கில் சேர்த்ததும், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் .367-ஐத் தாண்டி கிப்சனின் .372 (ஆயிரம் முயற்சிக்கு 372 ஹிட்) மட்டைச் சராசரிப் பட்டியலின் உச்சிக்குப் போனது. அவருடைய கல்லறையில் பெயர்க்கல் வைக்கவே 1975 ஆகியிருந்தது.

உங்களுக்கும் 1971-இல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழரங்கில் முதலில் தனிப் பகுதிதான் ஒதுக்கப் பார்த்தார்கள். பஸ்ஸில் தனி இருக்கை, ஹோட்டலில் தனி வாசல் என்று பார்த்தவருக்குப் புகழிலும் தனிப் பந்தி. எதிர்ப்பு கிளம்பிய பிறகே முழு உறுப்பினர் ஆக்கினார்கள்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது 1965 செப்டம்பர் 25-ஐப் பற்றித்தான். கான்சாஸ் சிட்டி அத்லெட்டிக்ஸின் முதலாளி சார்லி ஃபின்லி, 59 வயதான உங்களை ஆடும் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தினார். கேலிக்கூத்து. எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நீங்களோ எழுந்து போய் பாஸ்டன் அணிக்கு எதிராக மூன்று இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்தில் ஒன்பது) வீசினீர்கள். ரன் இல்லை. ஹிட் ஒன்றே ஒன்று, அதை எடுத்தவர் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி. அவருடைய அப்பாவும் ஒரு காலத்தில் லாங் ஐலண்டில் உங்கள் பந்துக்கு எதிரே மட்டையோடு நின்றவராம்.

அன்புடன்,
உங்கள் ஆட்டத்தை நேரில் பார்க்காத ஒரு ரசிகன்